இல்லாத காமாலை

4.9.2008, வியாழன்

இது கல்வி உளவியல் நோட்டின் பின்பக்கம். முன்பக்கம் முழுக்கப் போன வருடம் வகுப்பில் எழுதிய குறிப்புகள். அம்மா இதைத் திறக்க மாட்டாள். படிக்கிற பொருள் எதுவானாலும் கண்ணில் ஒற்றி அடுக்கி வைப்பாள், அவ்வளவுதான். அதனால் இங்கே எழுதுவது பத்திரம்.

போன வெள்ளிக்கிழமை கடலூரில், ஒரு சந்துக்குள் இருக்கும் ஆஸ்பத்திரியில் எனக்குக் கருக்கலைப்பு நடந்தது. ஒன்பது வாரம். எழுதிவிட்டேன். வீட்டில் இந்த வார்த்தையை யாரும் சொல்வதில்லை. அம்மா 'அந்த விஷயம்' என்கிறாள். அப்பா அதுகூட இல்லை. என்னைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்தால் அம்மாவிடம்தான் கேட்கிறார், அதுவும் 'அது சாப்பிட்டுச்சா' என்று. பதினெட்டு முடிந்து மூன்று மாதம் ஆகிறது, ஆசிரியர் பயிற்சி இரண்டாம் வருடம் படிக்கிறேன், எனக்கு வெண்மதி என்று அவரே வைத்த பெயர் இருக்கிறது. இப்போது நான் 'அது'.

சிதம்பரத்தில் ஆஸ்பத்திரி இல்லாமல் கடலூர் போகவில்லை. அப்பாவுக்குத் தாலுகா ஆபீசில் வேலை. இங்கே எந்த வாசலில் நின்றாலும் நாலு பேர் வணக்கம் வைப்பார்கள்.

திரும்பி வந்து ஆட்டோவிலிருந்து இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டு ராசம்மாள் டீச்சர் வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர், வாளியோடு வந்துவிட்டார். பெண் ஏன் இப்படி வெளுத்துப்போய் இருக்கிறாள் என்று கேட்டார். அம்மா ஒரு நொடி முழித்தாள். "மஞ்சக் காமாலை டீச்சர்" என்றாள்.

ஏன், தலைச்சுற்றல் என்று சொல்லக்கூடாதா? டைபாய்டு இல்லையா? வயிற்றுப்போக்கு இல்லையா? எத்தனை வியாதி இருக்கிறது இந்த நாட்டில்! காமாலை என்று சொன்னால் இந்தத் தெரு சும்மா விடுமா? காய்ச்சல் என்றால் டாக்டரிடம் போ என்பார்கள். காமாலை என்றால் ஆளுக்கு ஒரு மருந்து கையில் வைத்திருப்பார்கள். இன்று காலை வெறும் வயிற்றில், டீச்சரே கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து கொடுத்த ஒரு டம்ளர். அவர் பக்கத்தில் நின்று பார்க்கக் குடித்தேன். வாந்தி எடுத்தேன். பித்தம் வெளியே வருகிறது, நல்லது என்றார்.

நாளைக்கும் உண்டாம்.

5.9.2008

ஆசிரியர் தினம். கரண்ட் மூன்று மணி நேரம் இல்லை. ரத்தம் நிற்கவில்லை.

7.9.2008, ஞாயிறு

பத்தியத்தின் விவரம்: எண்ணெய் கூடாது. புளி கூடாது. காரம் கூடாது. உப்பு பாதி. கவிச்சி கூடவே கூடாது. மோர்ச்சோறு, முள்ளங்கி, கரும்புச்சாறு, திரும்பவும் மோர்ச்சோறு.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்ன சொன்னார்? ரத்தம் போயிருக்கிறது, முட்டை குடுங்க, ஈரல் குடுங்க, கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் குடுங்க என்றார். அம்மா தலையைத் தலையை ஆட்டினாள். பத்து நாளைக்கு சத்து மாத்திரையும் தந்தார்கள். அதை அம்மா துவரம்பருப்பு டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாள். டீச்சர் சமையலறை வரைக்கும் வருகிறவர், அலமாரியைத் திறக்கத் தயங்காதவர். ஒளித்த மாத்திரை ஒளித்தபடியே இருக்கிறது. நானே எடுத்து ரெண்டு விழுங்கினேன்.

பக்கத்து வீட்டுக்குக் கிள்ளையிலிருந்து நண்டு வந்திருக்கிறது. மிளகு போட்டு வறுக்கிறார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நண்டு வேண்டாம், ஒரு முட்டையாவது அவித்துக் கொடு என்று அம்மாவிடம் கேட்டேன்.

"முட்டை வாசம் வெளிய போவும்டி. காமாலைக்காரிக்கு முட்டை குடுக்கறான்னு பேச மாட்டாங்களா?"

"எனக்குக் காமாலை இல்லம்மா."

"மெதுவா பேசு."

கவனித்துப் பார்த்துவிட்டேன். இது வெறும் பொய்யில்லை. அம்மாவுக்குக் காமாலையில் படுத்த ஒரு மகள் நிஜமாகவே கிடைத்துவிட்டாள். அவளுக்காக விடியற்காலை வயல் வரப்புக்குப் போய் கீழாநெல்லி பறித்து வருகிறாள். அவளுக்குத் தலை கோதிவிடுகிறாள். அவள் தூங்கினால் டி.வி. சத்தத்தைக் குறைக்கிறாள். எவ்வளவு பாசம்! கருக்கலைப்பு நடந்தவள் ஒருத்தி இதே பாயில் கிடக்கிறாளே, அவள் பக்கம் திரும்புவதே இல்லை. நாப்கின் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பழைய புடவைத் துணியை வீசுகிறாள்.

எனக்கு அந்தக் காமாலைக்காரி மேல் பொறாமையாக இருக்கிறது. இதைவிடக் கேவலம் உண்டா?

9.9.2008

மத்தியானம் டி.வி.யில் ஒரு காமெடி வந்தது. சிரித்துவிட்டேன். சத்தமாகத்தான் சிரித்தேன் போல. அம்மா அரிவாள்மணையில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கற மூஞ்சியப் பாரு என்கிற பார்வை. சாயங்காலம் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. அதற்கும் வந்தாள். "இப்ப எதுக்கு அழுவுற? நடந்துபோச்சு. எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்றாள். சிரிக்கவும் கூடாது, அழவும் கூடாது. வேறு என்ன செய்வது? கொட்டாவி விடலாமா?

உண்மையை எழுதுகிறேன். எனக்கு நிம்மதியாக இருக்கிறது. வேண்டாம் என்றுதான் நானும் நினைத்தேன். அம்மா என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். படிக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும். அதில் எனக்குக் குழப்பம் இல்லை. அப்புறம் ஏன் அழுகிறேன்? நிம்மதியும் இருக்கிறது, அழுகையும் வருகிறது, இரண்டும் ஒரே ஆளுக்கு வருமா? யாரைக் கேட்பது? ராசம்மாள் டீச்சரையா?

அவன் போன் ஐந்து வாரமாக ஸ்விட்ச் ஆஃப். அவனைப் பற்றி எழுத இந்த நோட்டில் இடம் இல்லை.

12.9.2008, வெள்ளி

இன்று பதினாலாம் நாள். இன்று கடலூர் போக வேண்டும். சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள், பதினான்கு நாள் கழித்துக் கட்டாயம் வரவும் என்று. 'கட்டாயம்' என்பதற்குக் கீழே கோடு வேறு. நான் காலையிலேயே குளித்துத் தலை பின்னி உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா பாத்திரம் தேய்த்தாள். வாசல் பெருக்கினாள். துணி ஊறவைத்தாள். பத்து மணிக்குக் கேட்டேன், எந்த பஸ்ஸுக்குப் போகிறோம் என்று. எங்கே என்கிறாள்!

"ரெண்டு தடவ கடலூருக்குப் போனா என்னா ஏதுன்னு கேக்க மாட்டாங்க? காமாலைக்கு எவளாவது பொம்பள டாக்டர்கிட்ட போவாளா?"

"இன்னும் ரத்தம் நிக்கலம்மா."

"அது அப்புடித்தான் இருக்கும். தானா நின்னுடும்."

சீட்டைக் கொடு, நான் மட்டும் போகிறேன் என்றேன். சீட்டு இல்லை. வந்த அன்றே அடுப்பில் போட்டுவிட்டாளாம். நாலு பேர் கண்ணில் பட்டால் என்ன ஆவது என்று.

ஒளிச்சு வெக்கவாவது தெரியாதா இவளுக்கு? பருப்பு டப்பா எதுக்கு இருக்கு? இத எரிச்சிட்டு, அத ஒளிச்சு வெச்சிகினு... என்ன புத்தியோ. இத்தனைக்கும் என்னால் அவளை வெறுக்க முடியவில்லை. பயந்து சாகிறாள். ஆனால் பயம் எல்லாம் தெருவைப் பற்றி. என்னைப் பற்றி இல்லை.

13.9.2008

பதினைந்தாம் நாள். நிற்கவில்லை. நடந்தால் காதில் கொய்யென்கிறது.

15.9.2008, திங்கள்

கார்த்யாயினி வந்தாள். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவள், கீழவீதியில் வீடு. காமாலை தொற்றும் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். கதவோரம் நின்றாள், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கற்பித்தல் பயிற்சி அக்டோபர் பதின்மூன்றாம் தேதி தொடங்குகிறதாம். எனக்குக் கிள்ளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் போட்டிருக்கிறார்கள். நாற்பது நாள். அதை முடிக்காவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள், ஒரு வருடம் போச்சு.

அவளிடம் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அம்மா அங்கேயே நின்றாள். நான் வாயைத் திறந்தாலே இருமினாள்.

அவள் போன பிறகு இந்த நோட்டின் முன்பக்கத்தைப் புரட்டினேன். 'குமரப் பருவத்தினரின் தேவைகள் யாவை?' என்று ஒரு கேள்வி. பத்து மதிப்பெண். அன்பு, பாதுகாப்பு, அங்கீகாரம், சுதந்திரம் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். போன வருடம் எட்டு மதிப்பெண் வாங்கினேன். அப்போது அது வேறு யாரோ குமரப் பருவத்தினர் பற்றிய கேள்வி என்று நினைத்தேன். இப்போது கேட்டால் ஒரே வரிதான் எழுதுவேன்: யாராவது ஒருத்தர் கடலூருக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

17.9.2008, புதன்

நானே கிளம்பினேன். அம்மா ரேஷன் கடைக்குப் போன நேரம். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு குறுக்குச் சந்து வழியாக பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துவிட்டேன். கடலூர் பஸ் நின்றது. உட்கார இடமும் இருந்தது. ஏறப்போகிறேன், பின்னால் இருந்து ஒரு கை என் கையைப் பிடிக்கிறது.

பூக்கார மாரியம்மாள். தினமும் எங்கள் தெருவுக்குப் பூ கொண்டுவருகிறவர். "காமாலையோட வெயில்ல எங்கம்மா கௌம்பிட்ட?" என்றார். கோயிலுக்கு என்று உளறினேன். கடலூர் பஸ்ஸில் கோயிலுக்கா? அவருக்கு அது பற்றிக் கவலை இல்லை. காமாலை தலைக்கு ஏறிவிட்டால் இப்படித்தான், எங்கே போகிறோம் என்றே தெரியாது, தன் சொந்தக்காரர் ஒருவர் இப்படியே நடந்து நெய்வேலி வரை போய்விட்டார் என்று சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் சொன்னார். அவர்களும் ஐயோ பாவம் என்றார்கள். பூக்கூடையை ஒருத்தரிடம் ஒப்படைத்துவிட்டு, என்னை ஆட்டோவில் ஏற்றி, தானும் ஏறி, வீடு வரைக்கும் வந்து அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். வியாபாரத்தை விட்டுவிட்டு! அவ்வளவு நல்ல மனுஷி. அந்த நல்ல மனசை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கத்த வேண்டும் போல இருந்தது.

எல்லாரும் எனக்கு உதவி செய்கிறார்கள். இல்லாத வியாதிக்கு.

அம்மா அடிக்கவில்லை. கதவுக்கு வெளிப்பூட்டுப் போட்டுவிட்டாள், அவ்வளவுதான்.

20.9.2008, சனி

அருள்முருகன் மாமா வந்திருக்கிறார். அம்மாவின் தம்பி, மங்கலம்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது. காமாலை என்று கேள்விப்பட்டதும் ஓடி வந்திருக்கிறார். மூன்று வாரமாக இறங்காத காமாலையா, இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று அம்மாவைத் திட்டினார். அவர் ஊருக்குப் பக்கத்தில் ஒரு வைத்தியராம், ராஜமாணிக்கம் என்று பெயராம். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் மருந்து கொடுப்பாராம். ஒரே உருண்டை, மூன்றே நாளில் மஞ்சள் பறந்துவிடுமாம்.

"நாளைக்கு மொத பஸ்ஸுல போறோம். பாப்பா, பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது."

அம்மா என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். வீட்டில் வேலை என்றாள், வெயில் என்றாள், பஸ் ஆட்டம் ஒத்துக்கொள்ளாது என்றாள். மாமா எதையும் கேட்கவில்லை. அக்கா மகளுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் மாமன் என்று எதற்கு இருக்கிறேன் என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

ஒன்றேகால் மணி நேரத்தில் கடலூர். அங்கே போக ஆள் இல்லை. மங்கலம்பேட்டைக்குப் பஸ் மாறி மூன்று பேர் கிளம்புகிறோம்!

21.9.2008, ஞாயிறு

விடிந்து ஏழரை மணிக்கெல்லாம் அங்கே ஐம்பது பேர். ஒரு வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். வைத்தியர் அறுபது வயதுக்காரர், சட்டை இல்லை, துண்டு மட்டும். ஒவ்வொருவர் முன்னாலும் குந்தி, கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, நகத்தைப் பார்த்து, உருண்டையை வாயில் போட்டுவிட்டு அடுத்த ஆளுக்கு நகர்கிறார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. எனக்கு முன்னால் இருந்தவருக்குக் கண் எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு ஒரு கூத்து இருக்கிறது என்று.

என்னிடம் வந்தார். வலது இமையை இழுத்தார். இடது இமையை இழுத்தார். நகத்தை அழுத்திப் பார்த்தார். உருண்டையைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"இதுக்கு மஞ்சளே இல்ல. ரத்தம் இல்லாம வெளுத்துக் கெடக்கு. எங்க போவுது இந்தப் பொண்ணோட ரத்தம்?"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அம்மா தரையைப் பார்த்தாள். மாமாதான் பதில் சொன்னார். மூன்று வாரமாகக் காமாலைங்க, நல்லாப் பாருங்க, வெளிச்சத்துல பாருங்க என்று அவரோடு வாதாடினார். மாமாவைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. முப்பது வருடமாகக் கண் பார்க்கிறேன், எனக்கு நீ சொல்லித் தருகிறாயா என்றார் வைத்தியர்.

இதில் உச்சம் என்னவென்றால் அம்மா. எழுந்து அவர் பின்னாலேயே போய்க் கையைக் கூப்பினாள். "இருக்கட்டும் சாமி, ஒரு உருண்டை குடுத்துடுங்க. அவ்வளவு தூரத்துலேருந்து வந்துட்டோம்" என்றாள். அவர் முடியாது என்றார். இவள் விடவில்லை. ஐம்பது பேர் பார்க்க, இல்லாத வியாதிக்கு மருந்து கேட்டுக் கெஞ்சுகிறாள் என் அம்மா. கடைசியில் அவர் கோபப்பட்டுவிட்டார். பொண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ, இங்கே நிற்காதே என்றார்.

திரும்பும்போது, வீடு வரைக்கும் விட்டுவிட்டு வருகிறேன் என்று மாமாவும் ஏறி, முன்னால் ஆண்கள் பக்கம் உட்கார்ந்தார். அந்த ஆள் பெயர்தான் பெரிசு, சரக்கு இல்லை, அடுத்த ஞாயிறு பண்ருட்டிப் பக்கம் வேறு ஒருத்தரிடம் போகலாம் என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். நான் ஜன்னலோரம். அம்மா என் பக்கத்தில். விருத்தாசலம் தாண்டும் வரைக்கும் அடக்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் சொல்லிவிட்டேன்.

"இல்லாத நோய்க்கு இவ்ளோ தூரம் வர்ற. அவ்ளோ பேரு முன்னாடி கைய கூப்புற. எனக்கு இருக்கறதுக்கு ஒரு தடவ வர மாட்டியாம்மா?"

அவள் பஸ் டிக்கெட்டை மடித்தாள், பிரித்தாள். சேத்தியாத்தோப்பு வந்தது, புவனகிரி வந்தது. இன்னும் மடித்துக்கொண்டிருந்தாள்.

22.9.2008

கீழாநெல்லி வரவில்லை. அடிவயிறு வலிக்கிறது. ராத்திரி உடம்பு சுட்டது.

23.9.2008, செவ்வாய்

கை வலிக்கிற வரைக்கும் எழுதப்போகிறேன்.

காலை ஆறரைக்கு அம்மா என்னை எழுப்பினாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைப் புடவையைக் கட்டியிருந்தாள். கிளம்பு என்றாள். எங்கே என்று கேட்கவில்லை நான். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா அவரிடம், கடலூர் போய்விட்டு வருகிறோம், சோறு வடித்து வைத்திருக்கிறேன் என்று சொன்னாள். அவர் பேப்பரை இறக்கவில்லை.

ராசம்மாள் டீச்சர் வாசலில் நின்றார். வைத்தியர் என்ன சொன்னார் என்று கேட்டார். வந்து சொல்கிறேன் என்று நிற்காமல் நடந்தாள் அம்மா.

ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். பெஞ்சு முழுக்க வயிறு பெரிதாக இருந்த பெண்கள், அவர்களின் மாமியார்கள். நர்ஸ் மேஜையில் பெரிய நோட்டோடு உட்கார்ந்திருந்தார். சீட்டு எங்கே என்றார். இல்லை. சரி, பெயரைச் சொல்லுங்கள், பார்த்து எடுக்கிறேன் என்றார்.

அம்மா முழித்தாள். முதல் தடவை வந்தபோது அவள் ஒரு பொய்ப் பெயர் கொடுத்திருந்தாள். வயது இருபத்திரண்டு, கல்யாணம் ஆகி ஒரு வருடம், புருஷன் சிங்கப்பூரில் என்று ஒரு கதையே சொல்லியிருந்தாள். அந்தப் பெயர் அவளுக்கு மறந்துபோயிருந்தது! என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு ஞாபகம் இருந்தது. செல்வராணி. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் என்னை உள்ளே அழைத்துப் போனார்கள், எப்படி மறக்கும்? ஆனால் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. கடைசி வரைக்கும் இவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று சுவரில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நர்ஸுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "பேரச் சொல்லும்மா, பின்னாடி எத்தினி பேரு நிக்கறாங்க பாரு" என்று சத்தம் போட்டார். எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேரு வெண்மதி. என் பொண்ணு. அன்னிக்கு வேற பேரு குடுத்துட்டேன். கல்யாணம் ஆவல. இங்கதான் கலைச்சோம். இருவத்தஞ்சு நாளா ரத்தம் நிக்கல, நேத்துலேருந்து காய்ச்ச அடிக்குது. வரச் சொன்ன அன்னிக்கு நான்தான் கூட்டியாரல. தப்பு என்னோடது."

சத்தமாகத்தான் சொன்னாள். தெருவில் மெதுவாகப் பேசு, மெதுவாகப் பேசு என்று என் உயிரை எடுத்தவள், இத்தனை பேருக்கு நடுவில் இப்படிச் சொல்கிறாள். நர்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஒரு மாமியார் முகத்தைச் சுளித்தார். அவர் பக்கத்தில் இருந்த நிறைமாதக்காரி நகர்ந்து, இங்க உக்காரும்மா என்று எனக்கு இடம் விட்டாள்.

ஸ்கேனில் உள்ளே கொஞ்சம் தங்கியிருக்கிறது என்று தெரிந்தது. அதனால்தான் காய்ச்சல். மறுபடி சுத்தம் செய்தார்கள். இந்தத் தடவை மயக்க ஊசி போட்டார்கள். ரத்தம் ஏழு புள்ளிதான் இருக்கிறதாம். பதினாலாம் நாளே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று டாக்டர் அம்மாவைத் திட்டினார். அப்புறம் டாக்டர் அவளை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டார். தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா, அழுகை வருகிறதா, யாரிடமாவது பேசுகிறாயா என்று. கேட்டுக்கொண்டே மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தார். பரவாயில்லை. கேட்டார் இல்லையா! நிம்மதியும் அழுகையும் சேர்ந்து வருகிறது, எனக்கு ஏதாவது கோளாறா என்று கேட்டேன். நிறைய பேருக்கு அப்படித்தான் என்றார். அவ்வளவுதான் பதில். இந்த ஒரு வரிக்காகவா நான் இருபத்தைந்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்?

சாயங்காலம் வரைக்கும் அங்கேயே படுக்க வைத்தார்கள். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தலை கோதவில்லை. என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

26.9.2008

ஈரல் வறுவல். கதவைச் சாத்தாமலே வறுத்தாள். ராசம்மாள் டீச்சர் மோப்பம் பிடித்து வந்துவிட்டார். காமாலைக்கு ஈரலா என்று பதறினார். காமாலை இல்லை டீச்சர், ரத்தம் குறைவாம், டாக்டர் சொல்லிவிட்டார் என்று அம்மா சொன்னாள். அதற்கு மேல் சொல்லவில்லை. டீச்சருக்குக் கோபம். மூன்று வாரம் நான் அரைத்துக் கொடுத்ததெல்லாம் வீணா என்கிறார்! அதற்கும் நாங்கள்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

ரத்தம் நின்றுவிட்டது. முழுசாக நின்றுவிட்டது.

4.10.2008

மாமா போன் செய்தார். பண்ருட்டி வைத்தியரிடம் டோக்கன் போட்டுவிட்டாராம். கடவுளே.

அப்பா இன்னும் பேசவில்லை. அம்மா அவரிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், 'அது' என்பது மட்டும் நின்றிருக்கிறது. இப்போது என்னை எதுவாகவும் குறிப்பிடுவதில்லை. இதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்வதா?

9.10.2008

கடலூர் போய் வந்தோம். ரத்தம் ஒன்பது. கற்பித்தல் பயிற்சிக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் பாடம்: கூட்டல், இரண்டு இலக்கம். சார்ட் வரைய வேண்டும், ஸ்கெட்ச் பேனாவில் பச்சை எழுதவில்லை.

13.10.2008, திங்கள்

பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று அம்மாவும் வந்தாள். வேண்டாம், நான் என்ன ஒன்றாம் வகுப்பா என்றேன். கேட்கவில்லை. சுருட்டிய சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். கிள்ளை பஸ் புறப்படத் தயாராக நின்றது. கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். நான் படியில் காலை வைத்துவிட்டேன். அப்போது என் முந்தானையைப் பிடித்து இழுத்து, அம்மா கேட்டாள்.

"அன்னிக்கு, மொத தடவ... வலிச்சுதாடி?"

எங்கே வந்து கேட்கிறாள் பாருங்கள். நாற்பத்தைந்து நாள். ஒரே வீடு, ஒரே அறை, பக்கத்துப் பக்கத்துப் பாய். அப்போதெல்லாம் இல்லை. கண்டக்டர் விசில் ஊதும்போது, பஸ் ஸ்டாண்டில், எல்லாரும் முண்டியடித்து ஏறுகிற இடத்தில்! எனக்கு வந்த ஆத்திரத்தில் படியை விட்டு இறங்கிவிட்டேன்.

"வலிச்சுது" என்றேன்.

"ரொம்பவா?"

"ரொம்ப."

அம்மா சார்ட்டைக் கசக்கிக்கொண்டிருந்தாள். நான் இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்த சார்ட்.

"நான் வெளிய கதவுகிட்டயே உக்காந்திருந்தேன். உள்ளேருந்து சத்தமே வரல. அதனால வலி இல்லபோல இருக்குன்னு நெனச்சிகினேன்."

"நீதானம்மா உள்ள போறப்ப சொன்ன, சத்தம் போட்டுடாதன்னு."

பஸ் போய்விட்டது. அம்மா அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டாள், அந்த அழுக்கில். நானும் உட்கார்ந்தேன். அவளும் அழுதாள், நானும் அழுதேன். சத்தமாகத்தான். சுற்றிலும் ஆள் நின்று பார்த்தார்கள், பார்க்கட்டும். அடுத்த பஸ்ஸுக்கு முப்பத்தைந்து நிமிடம். அதுவரைக்கும் அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள், நான் சொன்னேன்.

பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது பத்தே கால். பிரேயர் முடிந்து முதல் வகுப்பும் முடிந்துவிட்டது. ஹெச்.எம். கையெழுத்து நோட்டை மூடி வைத்துக்கொண்டு, முதல் நாளே ஏன் லேட் என்று கேட்டார். அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன் சார் என்றேன்.